மூன்றாவது சர்வரைக் கிளஸ்டரிலிருந்து விலக்கும்போது

கேள்வி: எங்கள் தொழிற்சாலை கஞ்சிக்கோட்டில் இருக்கிறது. நான் கொழிஞ்சாம்பாறையிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். வெரிட்டாஸ் கிளஸ்டரில் (ஒரு சர்வர் விழுந்தால் இன்னொன்று அதன் வேலையை ஏற்கும் அமைப்பு) மூன்று லினக்ஸ் சர்வர்கள், ஏழு சர்வீஸ் குரூப்கள் (ஒன்றாக ஓடி ஒன்றாக இடம் மாறும் தொகுப்புகள்). மூன்றாவது சர்வர் பழையது. அதை எல்லாக் குரூப்களிலிருந்தும் எடுத்துவிடச் சொல்கிறார்கள். ஐந்து குரூப்களின் சிஸ்டம்லிஸ்டிலிருந்து, அதாவது அவை ஓடக்கூடிய சர்வர்களின் பட்டியலிலிருந்து, அதன் பெயரை நீக்கிவிட்டேன். நெட்வொர்க் குரூப்பும், அந்த ஒரே சர்வரில் ஓடும் அறிக்கை குரூப்பும் மறுக்கின்றன. மீதியை ஓணம் விடுமுறையில் செய்யலாமா? கழற்றிய சர்வரை அதே அறையில் சோதனைக்கு வைத்துக்கொள்ளலாமா?

பதில்: முதலில் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். ஐந்து குரூப்களில் மாற்றம் செய்த பின் கான்ஃபிகரேஷனை (கிளஸ்டரின் அமைப்பு விவரங்களை) மேலும் மாற்ற முடியாதபடி மூடினீர்களா? கிளஸ்டரின் ரீட்ஒன்லி மதிப்பு 1 என்றால் மூடியிருக்கிறது. 0 என்றால் இன்னும் திறந்தே கிடக்கிறது. திறந்திருக்கும் வரை உங்கள் மாற்றங்கள் நினைவகத்தில்தான் இருக்கின்றன. மழைக்காலத்தில் மின்சாரம் எப்போது போகும் என்று பாலக்காட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேலையை நாளைக்குத் தள்ளிவைப்பதாக இருந்தாலும் இன்றைக்கு டம்ப் செய்து (நினைவகத்தில் உள்ளதை வட்டில் எழுதி) மூடிவிட்டு வீட்டுக்குப் போங்கள். அதற்கு முன், கான்ஃபிகரேஷன் எழுதப்படும் மெயின் டாட் சிஎஃப் கோப்பின் நகல் ஒன்றைத் தேதியிட்ட பெயரில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஓடும் கிளஸ்டரில் அந்தக் கோப்பை எடிட்டரில் திறந்து திருத்த மட்டும் வேண்டாம். அடுத்த டம்ப் உங்கள் திருத்தத்தை அழித்துவிடும்.

இனி மறுக்கும் குரூப்களுக்கு வருவோம். ஒரு குரூப் ஒரு சர்வரில் ஆன்லைனில் இருக்கும்போது அந்தச் சர்வரின் பெயரைச் சிஸ்டம்லிஸ்டிலிருந்து எடுக்க வெரிட்டாஸ் விடாது. விடாமலிருப்பதே நல்லது. உங்கள் இரண்டு குரூப்களும் அங்கே ஆன்லைனில் இருக்கின்றன, ஆனால் காரணங்கள் வேறு.

நெட்வொர்க் குரூப் பெரும்பாலும் பேரலல் வகையாக இருக்கும், அதாவது ஒரே நேரத்தில் மூன்று சர்வர்களிலும் ஆன்லைன். அதை ஸ்விட்ச் செய்து இன்னொரு சர்வருக்கு மாற்றுவதற்கு வழியில்லை. அது ஏற்கெனவே அங்கும் இருக்கிறது. உள்ளே இருக்கும் நிக் ரிசோர்ஸ், அதாவது நெட்வொர்க் அட்டையைக் குறிக்கும் உறுப்பு, நிரந்தர வகையைச் சேர்ந்தது. கிளஸ்டர் அதைக் கண்காணிக்கும், ஆஃப்லைன் செய்யாது. ஆகவே அந்தக் குரூப்புடன் இப்போது மல்லுக்கட்ட வேண்டாம். மற்ற எல்லாவற்றையும் மூன்றாவது சர்வரிலிருந்து அகற்றி, அங்கே கிளஸ்டர் எஞ்சினை (குரூப்களை நடத்தும் வெரிட்டாஸ் மென்பொருளை) நிறுத்துங்கள். அதன் நிலை எக்ஸிட்டட் என்று வந்த பிறகு, மற்ற சர்வர்களில் ஒன்றிலிருந்து நீக்கும் கட்டளையைக் கொடுங்கள். அப்போது மறுப்பு வராது. நிறுத்தும்போது ஃபோர்ஸ் தேர்வைச் சேர்க்காதீர்கள். அது எஞ்சினை மட்டும் நிறுத்திவிட்டு, பயன்பாடுகளைக் கண்காணிப்பு இல்லாமல் ஓடவிடும்.

அறிக்கை குரூப்புக்கு வேறு கேள்வி. அது இனியும் தேவையா? தேவையில்லை என்றால் முதலில் அதற்கும் மற்ற குரூப்களுக்கும் உள்ள சார்பு இணைப்பை அவிழ்த்து, ஆஃப்லைன் செய்து, ரிசோர்ஸ்களை ஒவ்வொன்றாக அழித்து, கடைசியில் குரூப்பை அழியுங்கள். தேவை என்றால் நீக்குவதற்கு முன்னால் சேர்க்க வேண்டும். முதலாம் சர்வரை அதன் சிஸ்டம்லிஸ்டில் சேர்த்து, அங்கே ஆன்லைன் செய்து, கணக்குப் பிரிவிலிருந்து ஒருவரை ஓர் அறிக்கையை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த வட்டுகள் முதலாம் சர்வருக்குத் தெரிகின்றனவா, மென்பொருள் நிறுவப்பட்டிருக்கிறதா, அதன் பயனர் எண் இரண்டிலும் ஒன்றேதானா என்பதெல்லாம் இந்த ஓர் ஓட்டத்திலேயே வெளிப்பட்டுவிடும். சர்வருக்குச் சர்வர் தனி மதிப்பு கொடுத்த பண்புகளையும் பாருங்கள். பழைய சர்வரில் நெட்வொர்க் அட்டையின் பெயர் ஒன்று, புதியதில் வேறு என்று இருந்தால், புதியதற்கான மதிப்பை நீங்கள்தான் எழுத வேண்டும்.

நீக்கும் வரிசையிலும் கவனம் வேண்டும். ஆட்டோஸ்டார்ட்லிஸ்டில் (குரூப் தானாகத் தொடங்கக்கூடிய சர்வர்களின் பட்டியல்) உள்ள பெயரை முதலில் எடுங்கள், சிஸ்டம்லிஸ்டில் உள்ளதைப் பிறகு. ஒன்றை ஒன்று சார்ந்த குரூப்களில், சார்ந்திருக்கும் மேல் குரூப்பிலிருந்து முதலில் எடுங்கள், அதைத் தாங்கும் கீழ்க் குரூப்பிலிருந்து பிறகு. டிலீட் என்ற சொல்லுக்குப் பின் சர்வரின் பெயரைத் தவறாமல் எழுதுங்கள். அங்கே கீஸ் என்று கொடுத்தால் பட்டியல் முழுவதும் போய்விடும். மூன்றாவதின் முன்னுரிமை எண் 0 ஆக இருந்து, மீதி 1, 2 என்று நின்றால் அதைத் திருத்த வேண்டியதில்லை. சிறிய எண்ணுக்கே முதலிடம்.

நீங்கள் முடித்துவிட்டதாகச் சொல்லும் அந்த ஐந்து குரூப்களையும் மறுபடி திறந்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்வேன். ஒரு குரூப்பின் ஆட்டோஸ்டார்ட்லிஸ்டில் மூன்றாவது சர்வரின் பெயர் மட்டுமே இருந்திருந்தால், இப்போது அந்தப் பட்டியல் வெறுமையாக இருக்கும். குரூப் இன்று நன்றாக ஓடும். ஒருவர் ஸ்விட்ச் செய்தால் மாறவும் செய்யும். ஆனால் முழுக் கிளஸ்டரும் நின்று எழும் நாளில் அது மட்டும் தானாக வராது. அந்த நேரத்தில் தரவுத்தளம் வந்துவிட்டது, பயன்பாடு வரவில்லை என்று மூன்று பேர் மூன்று இடத்தில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

எல்லாக் குரூப்களிலிருந்தும் பெயர் போன பிறகு, சர்வரையே கிளஸ்டர் பட்டியலிலிருந்து அழித்து, டம்ப் செய்து மூடுங்கள். பலர் இத்தோடு எழுந்துவிடுகிறார்கள். எனக்கு இங்கிருந்துதான் கவலை தொடங்குகிறது.

வெரிட்டாஸின் அடியில் எல்எல்டி, கேப் என்று இரண்டு அடுக்குகள் இருக்கின்றன. சர்வர்கள் ஒன்றையொன்று இதயத்துடிப்பு இணைப்புகளில் அறிந்துகொள்வது எல்எல்டி வழியாக. யார் யார் உறுப்பினர் என்று முடிவு செய்வது கேப். ஈடிசி அடைவில் உள்ள கேப்டேப் கோப்பில் ஒரே ஒரு வரி இருக்கும், அதன் கடைசியில் என் என்ற எழுத்தோடு ஓர் எண். உங்கள் கோப்பில் அது 3 என்று இருக்கும். பூட் ஆகும்போது மூன்று சர்வர்கள் கண்ணில் பட்டால்தான் கிளஸ்டர் தொடங்கலாம் என்பது அதன் பொருள். மூன்றாவதைக் கழற்றியும் அந்த எண்ணை மாற்றாமல் விட்டால், ஓடும் கிளஸ்டரில் எந்த அறிகுறியும் தெரியாது. பிறகு ஒரு ஜூன் மாத இரவில் மின்சாரம் போய், யுபிஎஸ் பேட்டரியும் தீர்ந்து, இரண்டு சர்வர்களும் நின்று எழும். இரண்டும் மூன்றாவதுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். எஞ்சின் எழாது, ஒரு குரூப்பும் வராது.

ஆகவே மீதமுள்ள இரண்டு சர்வர்களிலும் அந்த எண்ணை 2 ஆக மாற்றுங்கள். எல்எல்டி ஹோஸ்ட்ஸ் கோப்பிலிருந்து மூன்றாவதின் வரியையும் எடுங்கள். இதற்காக எதையும் நிறுத்த வேண்டாம்; புதிய எண் அடுத்த பூட்டில் நடப்புக்கு வரும்.

2 என்று வைத்தபின் ஒரு சர்வர் பழுதாகி மற்றது மட்டும் எழுந்தால், அது தனியாகத் தொடங்காது. அப்போது கையால் சீட் செய்யும், அதாவது மற்றதற்காகக் காத்திராமல் கிளஸ்டரைத் தொடங்கவைக்கும் கட்டளை இருக்கிறது. மற்ற சர்வர் உண்மையிலேயே அணைந்திருக்கிறது என்று நேரில் போய்ப் பார்த்த பிறகே அதைக் கொடுக்கலாம். இரண்டும் உயிரோடு இருந்து, நடுவில் உள்ள கேபிள் மட்டும் துண்டித்திருக்கும்போது இரண்டு பக்கமும் கையால் சீட் செய்தால், ஒரே வட்டில் இரு சர்வர்களும் எழுதும் ஆபத்து உண்டு. தரவு கெடுவது அப்படித்தான். இதற்குக் காவலாக ஐ.ஓ. ஃபென்சிங் (தொடர்பு அறுந்தால் ஒரு பக்கத்தை மட்டும் வட்டில் எழுதவிடும் ஏற்பாடு) வைத்திருப்பீர்கள். அதன் மூன்று ஒருங்கிணைப்பு வட்டுகளைத் தொடாதீர்கள். மூன்று சர்வருக்கு மூன்று வட்டு என்று கணக்குப் போட்டு ஒன்றைக் கழற்றுபவர்கள் இருக்கிறார்கள். அந்த எண்ணிக்கைக்கும் சர்வர் எண்ணிக்கைக்கும் தொடர்பில்லை; அது ஒற்றைப்படையாக இருக்க வேண்டும், அவ்வளவே.

கழற்றிய சர்வரைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதன் வட்டில் பழைய மெயின் டாட் சிஎஃப் அப்படியே இருக்கிறது, அதில் மூன்று சர்வர்களின் பெயரும் இருக்கின்றன. இதயத்துடிப்பு கேபிள்கள் செருகியபடியே இருந்தால், மின்வெட்டுக்குப் பின் மூன்றும் ஒன்றாக எழும்போது அது முந்திக்கொண்டு வரலாம். செல்லுபடியாகும் கோப்புடன் முதலில் எழுந்த சர்வரின் கான்ஃபிகரேஷனையே மற்றவை வாங்கிக்கொள்ளும். நீங்கள் நீக்கியதெல்லாம் திரும்ப வந்து நிற்கும். அதனால் கழற்றும் அன்றே அதில் எஞ்சின், கேப், எல்எல்டி மூன்றும் தானாகத் தொடங்குவதை முடக்கி, அவற்றின் கோப்புகளை அகற்றி, இதயத்துடிப்பு கேபிள்களைப் பிடுங்கிவிடுங்கள். பொது வட்டுகள் அதற்குத் தெரியாதபடி சேமிப்பகத்தில் சோனிங்கையும் மாற்றச் சொல்லுங்கள். முகப்பில் ‘இயக்காதீர்கள்’ என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதிய அட்டை ஒன்றை ஒட்டுங்கள். இரவு ஷிப்டில் மெயின் ஸ்விட்சைப் போடும் மின்பணியாளர் எல்லோருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியும் என்று சொல்ல முடியாது.

ஓணம் விடுமுறையை இந்த நீக்கத்துக்குச் செலவிடாதீர்கள். பட்டியலிலிருந்து பெயரை எடுப்பது ஓடும் சேவையைத் தொடுவதில்லை. அதை ஒரு சாதாரண வேலை நாளில், கேள்வி கேட்க ஆட்கள் பக்கத்தில் இருக்கும்போது செய்யலாம். மூன்றாவதில் ஓடும் அறிக்கை குரூப்பை இடம் மாற்றும்போது சற்று நேரம் சேவை நிற்கும், அதற்கு ஷிப்டு மாறும் வேளை போதும். விடுமுறை நாளை வேறொன்றுக்காகக் கேட்டு வாங்குங்கள். உற்பத்தி நின்றிருக்கும் அந்த நாளில் இரண்டு சர்வர்களையும் முறையாக அணைத்து, ஒன்றாக இயக்கி, கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். ஒரு கட்டளையும் தட்டாமல் எல்லாக் குரூப்களும் ஆன்லைனுக்கு வர வேண்டும். வராத குரூப்பின் ஆட்டோஸ்டார்ட்லிஸ்டைப் பாருங்கள். எதுவுமே வராவிட்டால் கேப்டேப்பைப் பாருங்கள். பிறகு ஒரு சர்வரை மட்டும் அணைத்து, மற்றது எல்லாவற்றையும் நினைவகம் போதாமல் திணறாமல் தாங்குகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். மூன்றாவது போன பின் உங்களிடம் இருக்கும் மாற்று இது ஒன்றுதான்.

இந்தச் சோதனை தேறிய பிறகு பழைய சர்வரைச் சோதனைக்குத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுங்கள். அதில் வெரிட்டாஸ் பழகப் போகிறீர்கள் என்றால் எல்எல்டிடேப் கோப்பில் வேறு கிளஸ்டர் எண் கொடுங்கள். இதயத்துடிப்புக்கும் வேறு ஸ்விட்ச் அல்லது வேறு விலான் (ஒரே ஸ்விட்சுக்குள் தனியாகப் பிரித்த நெட்வொர்க்) வேண்டும். ஒரே எண்ணோடு ஒரே நெட்வொர்க்கில் வைத்தால், சோதனைச் சர்வரும் உற்பத்திச் சர்வர்களும் தங்களை ஒரே கிளஸ்டராக நினைத்துக்கொள்ளும்.