ஒன்லைன் அரச சேவை: சனம் எதற்கு வருகிறது, எங்கே திரும்பிப் போகிறது?

திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை. கேட்டவரின் ஊர் முன்னால் உண்டு.

உப்புவெளி: சேர், சனம் ஒன்லைன் அரச சேவையைப் பாவிப்பது பற்றி இறுதியாண்டு ஆய்வுக்கு வினாக்கொத்து செய்கிறேன். எந்தக் கோட்பாட்டு மாதிரியை (model) எடுப்பது?

புதுத் தொழில்நுட்பத்தைச் சனம் ஏன் ஏற்கிறது என்பதற்கு ஆய்வாளர் டேவிஸ் தந்த 1989 மாதிரி இரண்டையே கேட்கும்: பயன் உண்டா, இலகுவா. 2003இல் வெங்கடேஷ் குழு தந்தது நான்கு: பயன், சிரமம், சுற்றத்தாரின் செல்வாக்கு, கையிலுள்ள வசதி. வெங்கடேஷ் குழுவின் மாதிரியை எடுங்கள். நம்பிக்கையைத் தனியாகச் சேருங்கள். அதிலும் இணையத்தை நம்புவது வேறு, அரசை நம்புவது வேறு. ஒரே கேள்வியில் போட்டுக் குழப்ப வேண்டாம்.

நம் ஊரில் பெரிய சிக்கல் இன்னொன்று. "ஒன்லைன் சேவை பாவிக்கிறீர்களா?" என்று கேட்டால், கொமினிகேஷன் கடையில் (ஃபோன், இணைய வேலை செய்து தரும் கடை) காசு கொடுத்துச் செய்வித்தவரும் "ஓம்" என்பார். யாருடைய ஃபோன், யார் தட்டச்சு செய்தது, ஓ.டீ.பீ. (ஃபோனுக்கு வரும் ஒருமுறைக் கடவு எண்) யாருக்கு வந்தது என்று பிரித்துக் கேளுங்கள். கூகிள் படிவ லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு "பெரும்பாலானோர் பாவிக்கிறார்கள்" என்று முடிவெழுதாதீர்கள். பாவிக்காதவரிடம் அந்த லிங்க் போயிருக்காது. வெருகல், குச்சவெளிப் பக்கம் அச்சிட்ட படிவத்தோடு நேரில் போங்கள்.

கிண்ணியா: உம்மாவின் பழைய அடையாள அட்டை இலக்கத்தைத் தளம் ஏற்குதில்லை.

12 இலக்கம் கேட்கிறது போல. முன்னால் 19 போடுங்கள், பழைய இலக்கத்தின் முதல் ஐந்துக்குப் பின் ஒரு 0 செருகுங்கள், கடைசி எழுத்தை விடுங்கள். அப்படியும் "பதிவு இல்லை" என்றால், பழைய இலக்கத்திலேயே பதிந்திருக்கக்கூடும். கணக்கை மட்டும் கடைக்காரரின் நம்பரில் திறக்க விடாதீர்கள். பிறகு கடவுச்சொல் மாற்றவும் அவரிடம்தான் போக வேண்டும்.

தம்பலகாமம்: தமிழில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகிறதே?

பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்திருக்கிறீர்கள். இணையத்தளங்கள் படிக்கும் பொதுக் குறிமுறையான யுனிகோடுக்கு மாற்றி ஒட்டுங்கள்.

மூதூர்: மோட்டார் சைக்கிள் வருமான உத்தரவுப் பத்திரம் ஒன்லைனில் எடுக்கேலாமல் கிடக்கு. கார்ட் பிழையோ?

எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள். காசு கட்டும் பக்கமே வரவில்லையென்றால் கார்ட்டில் பிழையில்லை. காப்புறுதி அல்லது புகைப் பரிசோதனை விவரம் கணினியில் ஏறவில்லை, அல்லது வாகன இலக்கம் பொருந்தவில்லை. கையில் தாள் இருந்தும் பயனில்லை, காப்புறுதிக் கம்பனியையோ புகைப் பரிசோதனை நிலையத்தையோதான் கேட்க வேண்டும். ஓ.டீ.பீ. வரவில்லையென்றால் வங்கியில் கொடுத்த ஃபோன் நம்பரைப் பாருங்கள்.

திருகோணமலை நகர்: அலுவலகத்தில் எவ்வளவு சொல்லியும் சனம் வரிசைக்கே வருகுது. விளம்பரம் போதாதோ?

விளம்பரத்தால் ஒருமுறை வருவார்கள். படிவத்தை ஒன்லைனில் நிரப்பியவரிடம் அதே பிரதியைக் கையிலும் கொண்டுவரச் சொன்னால் மறுமுறை வரமாட்டார்கள். கடவுச்சீட்டைப் பாருங்கள்: 2023 ஜூனில் ஒன்லைன் விண்ணப்பம் வந்தபோது, கைரேகையைத் தெரிவுசெய்த பிரதேச செயலகங்களில் கொடுக்கலாம் என்றார்கள். கடவுச்சீட்டுத் தலைமை அலுவலகம் உள்ள பத்தரமுல்லைக்குப் போகும் பயணம் மிச்சம் என்றால் ஆங்கிலம் தெரியாதவரும் மகளைப் பிடித்தாவது நிரப்புவார். உங்கள் சேவையில் எந்தப் பயணம் மிச்சமாகிறது என்று கவுண்டரில் எழுதி ஒட்டுங்கள். ஒன்றும் மிச்சமில்லையென்றால் முதலில் பிரதி கேட்பதை நிறுத்துங்கள்.