ஆராதனைப் பீடத்துக்குப் பக்கத்தில் கொடி வைக்கலாமா?

சிங்கப்பூர்த் தேசிய தின ஞாயிறுக்குச் சபையில் தேசியக் கொடி வைக்கலாம், ஆனால் நீங்கள் கேட்ட இடத்தில், பீடத்தை ஒட்டி, வேண்டாம். வாசல் கூடத்தில் வையுங்கள்.

கொடியை எங்கே வைப்பது என்று உங்கள் குழுவில் சண்டை வந்ததாகச் சொன்னீர்கள்; அதற்குக் காரணம் தேசப்பற்றுக் குறைவு இல்லை என்றே நினைக்கிறேன். மற்றக் கொடிகளோடு வைத்தால் முதலிடம் தேசியக் கொடிக்கு என்பது இங்குள்ள விதி. பீடத்தருகிலோ முதலிடம் சிலுவைக்கு. இரண்டையும் அருகருகே நிறுத்தினால் யாராவது ஒருவருக்கு உறுத்தும். போதாக்குறைக்குச் சிலர் கிறிஸ்தவக் கொடியையும் (வெள்ளைத் துணி, மூலையில் நீலக் கட்டத்துக்குள் சிவப்புச் சிலுவை) ஜோடி சேர்ப்பார்கள். அது 1897இல் நியூயார்க்கில் ஓர் ஓய்வுநாள் பள்ளியில் பிறந்த யோசனை, நம் ஊர் வழக்கமே இல்லை! அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள்கூடக் கொடியைப் பீடப்பகுதிக்கு வெளியே வைக்கத்தான் பரிந்துரைக்கிறார்கள்.

ஒன்று செய்து பாருங்கள்: சனிக்கிழமை கொடியை நிறுத்திவிட்டுக் கடைசி வரிசையில் உட்காருங்கள். கண் முதலில் எங்கே போகிறது? கொடிக்குப் போனால் இடத்தை மாற்றுங்கள். அப்புறம் துணி கிழியாமல், வெளுக்காமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். போன வருஷக் கொடியை அப்படியே எடுத்து மாட்டுவது நம் பழக்கம்.

ஜூலை 1 முதல் செப்டம்பர் 30 வரை வீடுகளில் தாராளமாகக் கொடி பறக்கவிட இங்கே அனுமதி உண்டு, அதனால் சட்டப் பயம் தேவையில்லை. ஆனால் கொடி வைக்கும் இடம் சபைக்குச் சபை மாறும். உங்கள் போதகர் வேறு சொன்னால் அதுதான் முடிவு.