எறும்புக்கு விருந்து வையுங்கள்! – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சமையல் மேடையில் பொடிப்பொடியாக மஞ்சள் எறும்பு. மூன்று மாதமாக ஸ்ப்ரே அடிக்கிறேன். அடித்த அன்று ஒன்றுகூட இருக்காது. ஒரே வாரத்தில் பூஜை அறை, படுக்கையறை என்று புதுப்புது இடங்களில் கிளம்புகிறது. மருந்தில் வீரியம் இல்லையா? – வாசகி, மடிப்பாக்கம்

பதில்: மருந்தில் குறை இல்லை, உங்கள் மேலும் குறை இல்லை. இந்த எறும்பின் குணம் அப்படி. ஒன்றைப் பிடித்து வெள்ளைக் காகிதத்தில் விட்டுப் பாருங்கள். இரண்டு மில்லிமீட்டர் நீளம், தேன் நிற உடம்பு, வயிற்று நுனி மட்டும் கொஞ்சம் கறுத்திருந்தால் அது ஃபாரோ எறும்பு. இதன் கூட்டில் ராணி ஒன்றல்ல, பல. மருந்து நெடி பட்டதும் கூடு கலைந்துவிடும். சில ராணிகளும் வேலைக்கார எறும்புகளும் முட்டை, புழுக்களைக் கவ்விக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விடும். இருந்த ஒரு கூடு மூன்றாகும், நான்காகும். பூஜை அறையில் நீங்கள் பார்ப்பது அதைத்தான். ஸ்ப்ரேயை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

மேடையில் ஊர்பவை இரை தேடி வந்தவை மட்டுமே. ராணியும் புழுக்களும் டைல்ஸுக்குப் பின்னாலோ சுவர் விரிசலிலோ இருக்கின்றன. நம் கை அங்கே எட்டாது, எறும்பின் வாய் எட்டும். அதனால் மருந்தை அதன் வாயிலேயே கொடுத்தனுப்ப வேண்டும்.

மருந்துக் கடையில் போரிக் பவுடர் கேளுங்கள். (கேரம் போர்டுக்கு விற்கும் பவுடரில் சில வெறும் மாவு. டப்பாவில் போரிக் ஆசிட் என்று இருந்தால்தான் உதவும்.) 100 மில்லி வெந்நீரில் 10 கிராம் சர்க்கரை, 1 கிராம் போரிக் பவுடர். ஸ்பூன் கணக்கில், தலை தட்டிய இரண்டரை டீஸ்பூன் சர்க்கரைக்குக் கால் டீஸ்பூன் பவுடர். அடியில் எதுவும் தங்காமல், தண்ணீர் தெளியும்வரை கலக்குங்கள். பாட்டில் மூடிகளில் சிறிது பஞ்சு வைத்து, இதை ஊற்றி நனைத்து, எறும்பு வரிசைக்குப் பக்கத்தில் ஓரமாக வையுங்கள்.

அரை மணியில் மூடியே தெரியாத அளவுக்குக் கூட்டம் மொய்க்கும். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். பயந்துபோய்த் துடைத்துவிடுவார்கள். தொடவே தொடாதீர்கள். குடித்த எறும்பு உடனே சாகாது. கூட்டுக்குப் போய்த் தன் வயிற்றில் இருப்பதை மற்ற எறும்புகளுக்கும் புழுக்களுக்கும் ராணிக்கும் ஊட்டும். அது நடக்க அவகாசம் வேண்டும் என்பதால்தான் இவ்வளவு குறைந்த அளவு. ‘சீக்கிரம் சாகட்டும்’ என்று இரண்டு ஸ்பூன் பவுடர் போட்டால், ஒன்று வாயே வைக்காது, அல்லது வழியிலேயே செத்து விழும். கூடு அப்படியே இருக்கும்.

பஞ்சு காய்ந்துவிட்டால் பயனில்லை. இரண்டு நாளுக்கு ஒருமுறை புதிதாக நனையுங்கள். பக்கத்தில் ஃபினைல், மஞ்சள்தூள், ஸ்ப்ரே எதுவும் கூடாது. மேடையில் வேறு தீனி கிடக்கவும் கூடாது. ராத்திரி பாத்திரத்தைக் கழுவாமல் போட்டால் எறும்பு இதைத் திரும்பிப் பார்க்காது. இரண்டு, மூன்று வாரம் பொறுமையாக வையுங்கள்.

இனிப்பைச் சீண்டவில்லையென்றால், ஒரு அட்டையில் ஒரு பக்கம் சர்க்கரைத் தண்ணீர், மறுபக்கம் எண்ணெய் தடவிய வறுகடலைப் பொடி வைத்துப் பாருங்கள். கூடு எதைக் கேட்கிறது என்று தெரிந்துவிடும். புழு அதிகம் வளரும் சமயத்தில் புரதமும் கொழுப்பும்தான் தேடும். அப்போது இரண்டு டீஸ்பூன் கடலைப் பொடியில், கால் டீஸ்பூனில் பாதி போரிக் கலந்து எண்ணெய் விட்டுப் பிசைந்து வையுங்கள்.

நடமாட்டம் அடியோடு நின்ற பிறகே, சோப்புத் தண்ணீரால் வழித்தடத்தைத் துடைத்து, சிங்க் குழாய் சுவருக்குள் போகும் இடைவெளி, ஜன்னல் சட்ட விரிசல் இவற்றை ஒயிட் சிமென்ட் வைத்து அடையுங்கள். முதலிலேயே அடைத்தால் எறும்பு வேறு அறை வழியாக வரும்.

போரிக் பவுடர் விஷம்தான். கலக்கிய ஸ்பூனைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். மீதியை ‘விஷம்’ என்று எழுதி ஒட்டி உயரத்தில் வையுங்கள். குழந்தையோ நாயோ பூனையோ இருக்கும் வீட்டில், பஞ்சு வைத்த பாட்டில் மூடியை, துளையிட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து, டப்பாவை இறுக மூடி, எட்டாத இடத்தில் வையுங்கள்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தையைத் தூளியில் போடுகிறோம். இரண்டு முறை செவ்வெறும்பு கடித்துவிட்டது. சுற்றிலும் எறும்பு சாக்பீஸ் போடலாமா? – வாசகி, திருவாரூர்

பதில்: தயவுசெய்து வேண்டாம். அது பார்க்கத்தான் சாக்பீஸ், உள்ளே இருப்பது பூச்சிக்கொல்லி. தவழும் குழந்தையின் கை தரையிலிருந்து நேராக வாய்க்குப் போகும்.

தூளிக்கு எறும்பு மேலே கொக்கி வழியாகக் கயிற்றில் இறங்கும். கொக்கிக்கு அடியில், துணியில் படாத உயரத்தில், கயிற்றைச் சுற்றி பிளாஸ்டிக் டேப் ஒட்டி, அதன் மேல் வாஸ்லினை இரண்டு விரல் அகலத்துக்கு வளையமாகத் தடவுங்கள். தூசி படிந்தால் எறும்பு ஏறிவிடும் என்பதால் வாரம் ஒருமுறை துடைத்துப் புதிதாகத் தடவ வேண்டும். தூளித் துணி சுவரையோ தரையையோ தொடக்கூடாது. கழுத்து மடிப்பில் வழிந்த பாலை ஈரத்துணியால் துடைத்த பிறகே படுக்க வையுங்கள். பால் கக்கிய துணியை உடனே மாற்றுங்கள்.

கடித்த இடத்தை சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த ஈரத்துணியை ஒற்றினால் போதும். மூச்சு வாங்கினால், உதடோ முகமோ வீங்கினால், உடம்பெல்லாம் தடித்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கேள்வி: அலமாரிக் கால்களுக்குக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தும் எறும்பு ஏறுகிறது. சர்க்கரையில் கிராம்பு போட்டும் பயனில்லை. – வாசகர், காரைக்குடி

பதில்: கிண்ணத்துத் தண்ணீரைச் சாய்த்துப் பாருங்கள், மேலே மெல்லிய ஆடை போலத் தூசி படிந்திருக்கும். எறும்புக்கு அதுவே பாலம். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப் விட்டால் மேல்பரப்பு எறும்பைத் தாங்காது, மூழ்கிவிடும். ஐந்து நாளுக்கு ஒருமுறை கொட்டி, கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். விட்டுவிட்டால் டெங்கு கொசு அதிலேயே வளர்ந்துவிடும். அலமாரி சுவரை ஒட்டியிருந்தால் கிண்ணமே வீண். நான்கு விரல் தள்ளிப் போடுங்கள்.

சர்க்கரை டப்பாவில் எறும்பை அழைப்பது மூடியின் மரைதான். அந்த வரிகளில் சர்க்கரைத் துகள் ஒட்டியிருக்கும். வாரம் ஒருமுறை மரையைத் துடைத்துக் காயவைத்து, ரப்பர் வளையம் உள்ள டப்பாவுக்கு மாற்றுங்கள். கிராம்பு தேவைப்படாது.

கேள்வி: ஸ்விட்ச் பாக்ஸிலிருந்து கறுப்பு எறும்பு வருகிறது. காலிங் பெல் வேலை செய்யவில்லை. – வாசகர், நாகர்கோவில்

பதில்: சுவருக்குள் வயர் போகும் பைப் எறும்புக்கு மழை படாத பாதை. ஸ்விட்ச் முனைகளுக்கு நடுவில் சிக்கிச் செத்தால் மின்தொடர்பு விட்டுப்போகும். ஸ்ப்ரே மட்டும் அடிக்காதீர்கள். அதில் இருப்பது எளிதில் தீப்பிடிக்கும் திரவம். மெயினை அணைத்து, எலக்ட்ரீஷியனை வைத்து பாக்ஸைத் திறந்து, உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் கூட்டி எடுக்கச் சொல்லுங்கள். பிறகு பாக்ஸுக்கு வெளியே, சுவரில், எறும்புக்கான ஜெல்லை அரிசி அளவு இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். கரப்பான் ஜெல்லை எறும்பு தின்னும் என்று நம்ப முடியாது, லேபிளைப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: கழிப்பறையில் சிறுநீர் பட்ட இடத்தில் எறும்பு மொய்க்கிறது. சர்க்கரை நோயா? – வாசகர், ஈரோடு

பதில்: இருக்கலாம், ஆனால் எறும்பை வைத்து முடிவுகட்ட வேண்டாம். 100 மில்லி ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரில் இறங்கும். அதனால்தான் அந்தக் காலத்து வைத்தியர்கள் ‘மதுமேகம்’ (தேன் போல் இனிக்கும் சிறுநீர்) என்றார்கள். கோடையில் வெறும் ஈரத்துக்கும் உப்புக்கும்கூட எறும்பு வரும். டபாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுவோருக்கு, அந்த மாத்திரையே சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவதால் எறும்பு வரலாம், அதற்காக மாத்திரையை நிறுத்தக்கூடாது. மற்றவர்கள் இந்த வாரமே வெறும் வயிற்றில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எறும்பு வராத வீட்டிலும் சர்க்கரை நோய் இருக்கிறது.

கேள்வி: மாடித் தோட்டத்துச் செம்பருத்தியில் எறும்பு ஏறி இறங்குகிறது. எறும்புப் பொடி தூவலாமா? – வாசகி, மதுரை

பதில்: இலையைத் திருப்பிப் பாருங்கள். காம்பின் கணுக்களில் வெள்ளையாகப் பஞ்சு அப்பியிருந்தால் மாவுப்பூச்சி. அது கழிக்கும் இனிப்புத் தண்ணீருக்காகத்தான் எறும்பு வருகிறது. அதன் எதிரிப் பூச்சிகளை விரட்டிக் காவலும் காக்கிறது. அதிகம் அப்பிய கிளையை வெட்டிப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு காதி சோப்புக் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று நான்கு வாரம். தெளிக்கும் நேரமெல்லாம் பாட்டிலைக் குலுக்கிக்கொண்டே இருங்கள், இல்லாவிட்டால் எண்ணெய் மேலே மிதந்து கடைசியில் மொத்தமாக இறங்கி இலையைக் கருக்கிவிடும்.