பள்ளி மாணவர் குழுக்கள் செய்யும் சமூகப் பணிகளில் சிறந்ததை எப்படித் தேர்ந்தெடுத்துப் பாராட்டுவது?

சிவகங்கை மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினோரு வருஷம் நாட்டு நலப்பணித் திட்ட (என்.எஸ்.எஸ்.) அலுவலராக இருந்தேன். பிள்ளைகளோடு முகாமுக்குப் போயிருக்கிறேன், சில வருஷம் பரிசுக்குத் தேர்வு செய்யும் குழுவிலும் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இந்த வருஷம் செய்த வேலைக்கு இந்த வருஷமே பரிசு கொடுக்காதீர்கள். ஒரு வருஷம் கழித்து நேரில் போய்ப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

இது எனக்குப் புரிந்தது ஒரு தப்பு செய்த பிறகுதான். முதல்முறை தேர்வுக் குழுவில் நாங்கள் மூன்று பேர். மேசை மேல் இருபதுக்கும் மேற்பட்ட கோப்புகள், மத்தியானத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். சாலையோரம் முந்நூறு மரக்கன்று நட்ட பள்ளிக்கு முதல் பரிசு கொடுத்தோம். நல்ல ஆல்பம், பேனரோடு ஊர்வலம், பத்திரிகைச் செய்தியின் நகல், எல்லாம் கச்சிதமாக இருந்தது. அடுத்த வைகாசியில் ஒரு துக்கத்துக்காக அந்த வழியாகப் போக நேர்ந்தது. வண்டியை நிறுத்தி இறங்கி நடந்தேன். குழிகள் இருந்தன. கன்று வந்த கறுப்புப் பைகள் அங்கங்கே மண்ணில் பாதி புதைந்து கிடந்தன. உயிரோடு இருந்தவை பதினொன்று. அதிலும் நான்கு, டீக்கடைக்காரர் பாத்திரம் கழுவிய தண்ணீர் ஊற்றியதால் பிழைத்தவை.

பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். நட்டவர்கள் பிளஸ் டூ முடித்துப் போய்விட்டார்கள். அவர்களுக்குப் பிறகு யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்ற ஒரு கேள்வியைப் பரிசு கொடுத்த நாங்கள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அன்றைக்கு அதே மேசையில் நாங்கள் ஒதுக்கி வைத்த ஒரு கோப்பு ஞாபகத்துக்கு வந்தது. பெண்கள் பள்ளி ஒன்று அனுப்பியது. போட்டோ எதுவும் இல்லை, கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு மட்டும். சனிக்கிழமைதோறும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் பக்கத்துக் கிராமத்துக்குப் போய், வயதான பெண்களுக்குக் கையெழுத்துப் போடவும் வங்கிப் பாஸ்புக் படிக்கவும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நோட்டில் தேதி, பெயர், அன்றைக்கு அந்த அம்மா என்ன கேட்டார் என்று ஒரு வரி. போட்டோ ஏன் இல்லை என்பதற்குக் கடைசிப் பக்கத்தில் பதில் இருந்தது: ‘கைநாட்டு வைப்பவர்கள் என்று தெரியும்படி படம் எடுக்க வேண்டாம் என்று பாட்டிகள் கேட்டுக்கொண்டார்கள்.’ அந்த வரியைப் படித்த பிறகும் ‘ஆதாரம் போதாது’ என்று ஒதுக்கினோம். இன்றுவரை மனதை உறுத்துகிறது.

அடுத்த மாதமே அந்த ஊருக்குப் போனேன். பள்ளிக்குச் சொல்லவில்லை. ஊருணிக் கரையில் உட்கார்ந்திருந்த ஓர் அப்பத்தாவிடம் பேச்சுக் கொடுத்தேன். மஞ்சள் பைக்குள்ளிருந்து பாஸ்புக்கை எடுத்து மடியில் விரித்து, விரலை ஒவ்வொரு வரியாக வைத்துக் காட்டினார். “இது நூறு நாள் வேலைக் காசு. இது ஓஏபி, வயசானவுக பென்சன். இந்தா, இது பதினேழு ரூவா, எஸ்எம்எஸ்ஸுக்குன்னு புடிச்சிருக்கான். எனக்கு போனே கெடையாதுய்யா, நான் போய்க் கேக்கப் போறேன்.” கொஞ்ச நேரம் கழித்து, “முன்னாடியெல்லாம் எம்புட்டு இருக்குன்னு அடுத்தவுகளத்தான் கேக்கணும். அவுக சொன்னதுதான் கணக்கு” என்றார். எந்த ஆல்பமும் இதைக் காட்டியிருக்காது.

அதற்குப் பிறகு தேர்வுக்கு யார் கூப்பிட்டாலும் சில விஷயங்களில் பிடிவாதமாக இருந்தேன். முதலில், எத்தனை நட்டார்கள் என்ற எண்ணைக் கணக்கில் எடுக்கவே கூடாது. எத்தனை இருக்கிறது என்பதுதான் கணக்கு. அடுத்து, வேலை யாருக்காக நடந்ததோ அந்த ஊரிலிருந்து இரண்டு பேராவது தேர்வுக் குழுவில் இருக்க வேண்டும். நாங்கள் அப்படி உட்கார வைத்த ஒரு விவசாயி, ‘கண்மாயில் கருவேலம் வெட்டியது’ என்ற கோப்பைப் பார்த்ததும், “வேரோட எடுத்தாகளா, மேலாக்க வெட்டுனாகளா?” என்று கேட்டார். சீமைக் கருவேலத்தைத் தரையோடு வெட்டினால் ஒரே மழையில் முன்னைவிட அடர்ந்து துளிர்க்கும். வாத்தியார்கள் எங்கள் யாருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை.

மூன்றாவது, என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் பெரியது, கைமாற்றம். பிளஸ் ஒன்னில் சேரும் பிள்ளை இரண்டே வருஷத்தில் பள்ளியை விட்டுப் போய்விடும். அதனால் நேர்காணலுக்கு அணித்தலைவரை மட்டும் கூப்பிடாதீர்கள். அடுத்த செட்டில் யாராவது ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, “அக்கா அண்ணன்கள் போன பிறகு இது என்ன ஆகும்?” என்று கேளுங்கள். அந்தப் பிள்ளை தயங்காமல் பதில் சொன்னால் வேலை வேர் பிடித்துவிட்டது என்று நம்பலாம். வேலையைத் தேர்ந்தெடுத்தது பிள்ளைகளா, தலைமையாசிரியரா என்பதும் அந்தப் பேச்சிலேயே தெரிந்துவிடும்.

இதெல்லாம் பள்ளிப் பிள்ளைகளிடம் எதிர்பார்க்கிற அளவா என்று சிலர் கேட்பார்கள். என்.எஸ்.எஸ். திட்டமே இப்படித்தான் வகுக்கப்பட்டிருக்கிறது. காந்தி நூற்றாண்டான 1969-ல், செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 40,000 மாணவர்களோடு தொடங்கி, பிறகு மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. ஒரு தொண்டர் வருஷத்துக்கு 120 மணி நேரம் என்று இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் வேலை செய்ய வேண்டும், அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம். பிள்ளைகள் சட்டையில் குத்துகிற பேட்ஜில் கோனார்க் தேர்ச்சக்கரம் இருக்கிறது. அதன் எட்டு ஆரங்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்கின்றன, அதாவது எந்நேரமும் தொண்டுக்குத் தயார் என்று. 240 மணி நேரம் கேட்கிற திட்டத்தில் ஒரு மணி நேரப் பேரணியைச் சிறந்த பணி என்று பரிசளித்தால், சனிக்கிழமை சனிக்கிழமையாக உழைத்த பிள்ளை என்ன நினைக்கும்?

கால அவகாசம் ஏன் வேண்டும் என்பதற்கு எங்கள் பள்ளியிலேயே ஓர் உதாரணம் உண்டு. ஒரு காலாண்டு விடுமுறை முகாமில் கண்மாய்க் கரை நெடுகப் பனைவிதை ஊன்றினோம். பனை முதலில் கீழ்நோக்கித்தான் போகும். மண்ணுக்குள் கிழங்கு வைத்த பிறகுதான் மேலே ஓலை காட்டும். தை மாதம் ஒரு பரிசுக் குழு வந்து பார்த்தது, வெறும் கரையைத்தான் காட்ட முடிந்தது. பிள்ளைகளின் முகம் வாடிப்போயிற்று. அதற்கு அடுத்த வருஷம் வரிசையாகப் பச்சை நீட்டிக்கொண்டிருந்தது. அப்போது பார்க்க யாரும் வரவில்லை.

இனி, எப்படிப் பாராட்டுவது? தேசிய அளவில் என்.எஸ்.எஸ். விருதுகள் 1993-94 முதல் இருக்கின்றன, அது பெரிய கௌரவம். ஆனால் ஊர் அளவில் ஷீல்டு கொடுத்தால் அது தலைமையாசிரியர் அறை பீரோவுக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். உழைத்த பிள்ளை அதைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்காது. நாங்கள் ஒரு முறை ஊராட்சித் தலைவரிடம் பேசி, அக்டோபர் 2 கிராம சபையில் பாராட்டை வைத்தோம். மேடையோ மாலையோ கிடையாது. பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாக வாசித்து, செய்த வேலையைச் சொல்லி, தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள். கூட்டத்தின் கடைசியில் ஆட்டுத்தொரட்டியோடு ஓர் அப்பா நின்றிருந்தார். மகன் பெயரை வாசித்ததும் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்றவரிடம், “நம்ம பயதான்” என்றார். முப்பது வருஷ ஆசிரியர் வாழ்க்கையில் நான் பார்த்த நல்ல பரிசளிப்பு விழா அதுதான்.

சான்றிதழ் கொடுத்தால் ‘பங்கேற்றார்’ என்று பொதுவாக அச்சடிக்காமல், அந்தப் பிள்ளை என்ன செய்தது என்று ஒரு வரி கையால் எழுதிக் கொடுங்கள். பரிசுப் பணத்தை அடுத்த செட்டின் கையில், அதே வேலைக்கென்று கொடுங்கள். உதவி பெற்றவர்களை மேடை ஏற்றி நன்றி சொல்ல மட்டும் வைக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். பாட்டிகள் போட்டோ வேண்டாம் என்று சொன்னது அதற்காகத்தான்.

நேரில் பார்க்கப் போவதென்றால் சித்திரை, வைகாசியில் போங்கள். பள்ளி லீவில் இருக்கும், உங்களுக்காக யாரும் எதையும் தயார் செய்து வைக்க முடியாது. கன்று இருந்தால் அந்த வெயிலில் தெரிந்துவிடும். ஊர்க்காரர்கள் மரத்தடியில் இருப்பார்கள், கேட்டால் எல்லாவற்றையும் சொல்வார்கள்.