கறுப்புக் காரில் வெள்ளை வளையங்கள்: கோட்டிங்குக்குப் பணம் கட்டுவதற்கு முன்

கேள்வி: எட்டு மாதங்களுக்கு முன் கறுப்பு நிறக் கார் ஒன்றை வாங்கினேன். வீட்டுப் போர் தண்ணீரில்தான் கழுவுகிறோம். பானட்டிலும் கூரையிலும் சில்லறைக் காசு அளவில் வெள்ளை வளையங்கள் விழுந்திருக்கின்றன. ஷாம்பூ போட்டுத் தேய்த்தும் போகவில்லை. வாட்டர் சர்வீஸ் கடையில் காட்டியபோது, பாலிஷ் போட்டு அதன்மேல் செராமிக் கோட்டிங் என்ற பாதுகாப்புப் பூச்சை அடித்துவிட்டால் இனிமேல் கறையே படியாது என்கிறார்கள். கேட்கும் தொகை பெரியது. இந்தச் செலவைச் செய்யலாமா?
— வாசகர், அழகாபுரம், சேலம்

பதில்: இப்போதைக்குப் பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள். அந்த வளையம் பெயின்டின் மேல் உட்கார்ந்திருக்கிறதா, பெயின்டுக்குள் இறங்கிவிட்டதா என்பது தெரியாமல் எந்தக் கடைக்கும் முன்பணம் கொடுக்கக் கூடாது. இதை நீங்களே வீட்டில் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

உங்கள் வீட்டு வாட்டர் ஹீட்டர் கம்பியிலும் குளியலறைக் குழாயின் வாயிலும் வெள்ளையாகக் கெட்டிப்பட்டிருக்கும் உப்புதான் காரிலும் இருக்கிறது. போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கும். நம் ஊருக்கும் சேர்வராயன் மலைக்கும் இடையில் மாக்னசைட் வெட்டியெடுத்த வெள்ளைக் குன்றுகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த மாக்னசைட் என்பதே மெக்னீசியம் கார்பனேட்தான். இப்படிப்பட்ட பாறைகளுக்குள் ஊறி வரும் தண்ணீர் கடினமாக இருப்பதில் வியப்பில்லை. அந்தத் தண்ணீரின் ஒரு சொட்டு பானட்டில் காயும்போது கரியமில வாயு வெளியேறுகிறது, பைகார்பனேட்டாக இருந்தது தண்ணீரில் எளிதில் கரையாத கார்பனேட்டாக மாறிவிடுகிறது. சொட்டின் ஓரம் முதலில் காய்வதால் நடுவிலிருக்கும் தண்ணீர் உப்பையும் இழுத்துக்கொண்டு ஓரத்துக்கு ஓடுகிறது. மேசையில் சிந்திய காபி காய்ந்தால் விளிம்பு மட்டும் கருத்து நிற்குமே, அதே காரணத்தால்தான் இங்கும் கறை வட்டமாக அல்லாமல் வளையமாக விழுகிறது. ஷாம்பூ எண்ணெய்ப் பிசுக்கையும் மண்ணையும் எடுக்கும். கார்பனேட்டைக் கரைக்கும் வேலை அதனுடையது அன்று.

அளவையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் மொத்த அளவை (டி.டி.எஸ்.) காட்டும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டரை உங்கள் குழாய்த் தண்ணீரில் நனைத்து, அது 1000 காட்டினால், ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 1 கிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று பொருள். கழுவியபின் துடைக்காமல் விட்ட காரில் கால் லிட்டர் தண்ணீர் தங்கினாலும் கால் கிராம் உப்பு பெயின்டின் மேலேயே காய்கிறது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 விரும்பத்தக்க வரம்பாக லிட்டருக்கு 500 மில்லிகிராமையும், வேறு ஆதாரம் இல்லாதபோது ஏற்கத்தக்க உச்சமாக 2000 மில்லிகிராமையும் வைத்திருக்கிறது. ஆகவே குடிக்கத் தகுந்த தண்ணீர் என்பதாலேயே அது காருக்கும் தகுந்தது என்று ஆகிவிடாது. வெள்ளைக் காரிலும் இதே அளவு உப்புதான் படிகிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை. கறுப்புக் காருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. வெயிலில் அதன் தகடு கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுவதால் சொட்டு துடைக்க நேரம் கொடுக்காமல் காய்ந்துவிடுகிறது, அந்தச் சூட்டிலேயே உப்பு மேற்பூச்சையும் அரிக்கத் தொடங்குகிறது.

இனி சோதனைக்கு வருவோம். காலையில் வெயில் ஏறுமுன், நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போது காரை ஷாம்பூ போட்டுக் கழுவி முதலில் மண்ணை எடுத்துவிடுங்கள். மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகரில் 4 முதல் 5 சதவீதம் வரை அசெட்டிக் அமிலம் இருக்கும். அதில் ஒரு பங்குக்கு ஒரு பங்கு ஆர்.ஓ. தண்ணீர் கலந்து, மெல்லிய மைக்ரோஃபைபர் துணியில் நனைத்து, எளிதில் கண்ணில் படாத ஓரத்திலுள்ள ஒரே ஒரு வளையத்தின் மேல் வைத்து எடுங்கள். ஒரு நிமிடம் போதும். அதைக் காய விடக் கூடாது. பிறகு அழுத்தாமல் ஒருமுறை துடைத்து, நிறையத் தண்ணீர் ஊற்றி, ஷாம்பூ தொட்டுக் கழுவி, உடனே ஈரம் போகத் துடைத்துப் பாருங்கள். வளையம் மறைந்திருந்தால் அது மேலே படிந்த உப்புதான். காரின் மற்றப் பகுதிகளையும் இதே முறையில், ஒரு நேரத்தில் கையகல இடமாக எடுத்துக்கொண்டு செய்யலாம். பாதி மறைந்து பாதி நின்றால் இன்னொரு முறை செய்யுங்கள். வினிகர் மெழுகுப் பூச்சையும் எடுத்துவிடும் என்பதால் வேலை முடிந்தபின் புது மெழுகு தடவ வேண்டும். போர்ட்டிகோவில் மார்பிள் பதித்திருந்தால் காரை வெளியே தள்ளி நிறுத்திக்கொள்ளுங்கள். மார்பிளும் கார்பனேட்தான், சொட்டிய இடமெல்லாம் பளபளப்பை இழந்துவிடும்.

வினிகருக்கு மேல் கடுமையான எதையும் தொடாதீர்கள் என்று வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நான் பட்டிருக்கிறேன். என் கருநீலக் காரை ஒரு கடையில் கழுவக் கொடுத்தபோது, நான் கேட்காமலேயே, கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து துடைத்துவிட்டார்கள். கறை போயிற்று. கூடவே சன்னலுக்குக் கீழே ஓடும் அலுமினியப் பட்டையின் மினுமினுப்பும் போய், பால் சிந்திக் காய்ந்ததுபோல் வெளுத்துவிட்டது. அதைப் பாலிஷ் போட்டு மீட்க முடியவில்லை, பட்டையையே மாற்ற வேண்டியதாயிற்று. கடையில் விடும்போது ‘ஆசிட் பயன்படுத்தக் கூடாது’ என்று வாயால் சொல்வதோடு நிற்காமல், வேலைச் சீட்டிலும் எழுதச் சொல்லுங்கள்.

வினிகருக்குப் பிறகும் வளையத்தின் தடம் பள்ளம்போல் தெரிந்தால் அது பெயின்டின் மேலுள்ள நிறமற்ற கிளியர் கோட்டுக்குள் இறங்கிவிட்டது. அந்தப் பூச்சின் தடிமன் பொதுவாக 40 மைக்ரான் அளவில்தான் இருக்கும். ஒரு தலைமுடியின் தடிமனைக்கூட எட்டாது. காம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசை போட்டுப் பாலிஷ் செய்வது என்றால் அந்த மெல்லிய பூச்சைச் சீவிப் பள்ளத்தின் மட்டத்துக்குக் கொண்டுவருவது என்று பொருள். ஓரிரு முறை தாங்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்தால் கார் கிழடாகும் முன்பே பூச்சு தீர்ந்துவிடும். ஆகவே முழுக் காருக்கும் பாலிஷ் என்று ஒப்புக்கொள்ளாமல், தடம் உள்ள பானட்டுக்கும் கூரைக்கும் மட்டும் செய்யக் கேளுங்கள். பெயின்ட் தடிமனை அளக்கும் கருவி இருக்கிறதா என்றும், முன்னும் பின்னும் அளந்து காட்டுவார்களா என்றும் கேட்டால் கடையின் தரம் அப்போதே தெரிந்துவிடும்.

செராமிக் கோட்டிங்கைப் பற்றி. அது பயனற்றது என்று நான் சொல்ல மாட்டேன். அழுக்கு எளிதில் ஒட்டாது, கழுவுவது சுலபம், பளபளப்பு நிற்கும். ஆனால் கறையே படியாது என்ற பேச்சு சரியன்று. கோட்டிங் அடித்த பானட்டில் தாமரை இலைத் தண்ணீர்போல் சொட்டுகள் உருண்டு திரண்டு நிற்கும். கார் ஓடும்போது அவை உருண்டு விழுந்துவிடும். நின்ற இடத்தில், வெயிலில், போர் தண்ணீரில் கழுவிய காரில் அவை எங்கே போகும்? ஒவ்வொரு முத்தும் தானிருக்கும் இடத்திலேயே காய்ந்து ஒவ்வொரு வளையத்தை விட்டுவிடும். கோட்டிங்கின் மேல் விழுந்த வளையம் பெயின்டை எட்டுவதற்கு நாளாகும் என்பதுதான் உண்மையான லாபம். ‘9எச் கடினம்’ என்று விளம்பரத்தில் வருவதும் பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவுகோல். உப்புக் கறைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அப்படியும் அடிக்க முடிவு செய்தால் பொருளின் பெயர், எத்தனை அடுக்கு, அடிக்குமுன் செய்யும் பாலிஷ் இந்தத் தொகையில் சேருமா, ஆண்டுப் பராமரிப்புக்குத் தனிக் கட்டணம் எவ்வளவு, தண்ணீர்க் கறை வாரண்டியில் அடங்குமா என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். கடைசிக் கேள்விக்குத்தான் பெரும்பாலும் பதில் மழுப்பலாக வரும். ‘கறையே படியாது’ என்றவர் அதை அப்படியே பில்லில் எழுதித் தரட்டும். பில் தர மறுப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது.

இவ்வளவுக்கும் முன்னால் வாங்க வேண்டியது ஒன்று உண்டு: அடர்த்தியான, பெரிய, காரைத் துடைப்பதற்கென்றே வரும் மைக்ரோஃபைபர் துண்டு. பழைய வேட்டியும் பனியன் துணியும் கறுப்புப் பெயின்டில் சிலந்தி வலைபோல் கீறல் போடும். கூரையைக் கழுவியதும் கூரையைத் துடைத்துவிட்டுப் பானட்டுக்கு வாருங்கள். முழுக் காரையும் கழுவிவிட்டுத் துண்டை எடுக்கப் போனால் கூரை அதற்குள் காய்ந்திருக்கும். கண்ணாடிச் சட்டத்தின் இடுக்கிலும் நம்பர் பிளேட்டின் பின்னாலும் ஒளிந்திருக்கும் தண்ணீர் பத்து நிமிடம் கழித்துக் கோடாக வழியும். அதற்காக ஒருமுறை திரும்பி வந்து பாருங்கள்.

கேள்வி: வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தில் வீணாகும் தண்ணீரைப் பிடித்து வைத்துத்தான் காரைக் கழுவுகிறோம். சிக்கனம் என்று நினைத்தோம். திட்டுகள் அதிகமாகின்றன. சாஃப்ட்னர் பொருத்தினால் டி.டி.எஸ். சுழியாகிவிடும் என்று ஒரு விற்பனையாளர் சொல்கிறார். உண்மையா?
— வாசகி, அம்மாபேட்டை

பதில்: உங்கள் சிக்கனம் நல்ல எண்ணம்தான், ஆனால் அந்தத் தண்ணீர் காருக்கு ஆகாது. ஆர்.ஓ. இயந்திரம் நல்ல தண்ணீரைப் பிரித்தெடுத்துவிட்டு, அதிலிருந்த உப்பையும் சேர்த்து மிச்சத் தண்ணீரில் தள்ளுகிறது. போர் தண்ணீரைவிட அதில் உப்பு கூடுதல். அதைத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

விற்பனையாளர் சொன்னது தவறு. சாஃப்ட்னர் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு அவற்றுக்குப் பதிலாகச் சோடியத்தை விடுகிறது. டி.டி.எஸ். ஏறத்தாழ அப்படியே இருக்கும். சோடிய உப்பு ஈரத் துணிக்கே போய்விடும் என்பதால் கறையின் பிடிவாதம் குறையும், கறை குறையாது. வீட்டுக் குழாய்களுக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் சாஃப்ட்னர் பயன்படலாம். காருக்காக மட்டும் வாங்க வேண்டாம். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்து வையுங்கள். காற்றிலிருந்த ஈரம் குளிர்ந்து இறங்கியது என்பதால் அதில் உப்பு மிகக் குறைவு. போர் தண்ணீரில் கழுவிவிட்டு, கடைசியாக ஒரு வாளி ஏ.சி. தண்ணீரையோ வடிகட்டிய மழைத் தண்ணீரையோ மேலிருந்து மெதுவாக ஊற்றித் துடைத்தால் போதும்.

கேள்வி: ஏற்காட்டில் கரும்பச்சை ஜீப்பை வெளியில்தான் நிறுத்துகிறேன். தண்ணீரே ஊற்றாத நாளிலும் காலையில் புள்ளிகள் தெரிகின்றன. பனியில் உப்பு ஏது?
— வாசகர், ஏற்காடு

பதில்: பனியில் உப்பு இல்லை, உங்கள் ஜீப்பின் மேலுள்ள தூசியில் இருக்கிறது. இரவு முழுதும் பனித்துளி அந்தத் தூசியைக் கரைத்து வைத்திருக்க, சில்வர் ஓக் மரங்களுக்கு மேலே வெயில் ஏறியதும் துளி காய்ந்து தூசி வளையமாகிறது. இதற்கு வினிகர் தேவையில்லை. ஆனால் ஈரத் தூசியைத் துணியால் இழுத்துத் துடைக்காதீர்கள், கீறல் விழும். இரண்டு குவளை மழைத் தண்ணீரை ஊற்றித் தூசியை ஓட விட்டபின் துண்டால் ஒற்றி எடுங்கள். மரத்தடியில் நிறுத்தினால் பறவை எச்சத்தை மட்டும் கண்டவுடன் நனைத்து ஊறவைத்து எடுத்துவிடுங்கள். வெயில் பட்டால் அது சில மணி நேரத்திலேயே பூச்சை அரித்துவிடும். மூடுதுணி போடுவதென்றால் முதலில் ஜீப் சுத்தமாகவும் காய்ந்தும் இருக்க வேண்டும், இல்லையென்றால் மலைக்காற்றில் துணி அசைந்து அசைந்து அந்தத் தூசியையே பெயின்டில் தேய்க்கும்.