விலைக்கு வாங்கிய செய்தி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வாக்குப்பதிவுக்கு முந்தைய வாரம் எங்கள் ஊருக்கு வரும் இரண்டு நாளிதழ்களில் ஒரு வேட்பாளரைப் பற்றி ஒரே செய்தி வந்தது. ‘செல்லும் இடமெல்லாம் மக்கள் வெள்ளம்’ என்ற தலைப்பும் படமும்கூட ஒன்றேதான். ‘விளம்பரம்’ என்ற சொல் எங்கும் இல்லை. கட்சி அனுப்பிய அறிக்கையை அப்படியே போட்டிருப்பார்கள் என்கிறார் நண்பர். பணம் கைமாறியிருக்கும் என்பது என் சந்தேகம். வாசகன் இதை எப்படிப் பிரித்தறிவது? புகார் செய்தால் பயன் உண்டா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நண்பர் சொல்வதற்கும் இடமிருக்கிறது. கட்சியிலிருந்து வாட்ஸப்பில் வரும் அறிக்கையை ஒரு வரியும் மாற்றாமல் பக்கத்தில் ஏற்றுவது அன்றாடம் நடப்பது. அது சோம்பல், விற்பனை அல்ல. ஆனால் அறிக்கையை அப்படியே போடுபவர்கள்கூடத் தலைப்பைத் தாங்களே வைப்பார்கள், ஏனென்றால் பத்தி அகலத்துக்கு அது பொருந்த வேண்டும். இரண்டு அலுவலகங்களில் தலைப்பும் படமும் ஒன்றாகவே அமைந்தது என்றால் பக்க வடிவமே வெளியில் தயாராகி வந்திருக்கலாம். உங்கள் சந்தேகத்துக்கு வலுவான காரணம் இதுதான்.

ஒருநாள் இதழை வைத்து முடிவு செய்யாதீர்கள். கடைசிப் பத்து நாள் இதழ்களை வரிசையாக விரித்துப் பாருங்கள். ஒரே வேட்பாளருக்கு ஏறத்தாழ ஒரே அளவு இடம், ஒரே பக்கத்தில், தினமும் வருகிறதா? செய்தியின் முக்கியத்துவம் நாளுக்கு நாள் மாறும். ‘பேக்கேஜ்’ வாங்கியவருக்கு, அதாவது பல நாள் இடத்தை மொத்தமாக விலை பேசியவருக்கு, இடம் மாறாது. எழுதியவர் பெயர் இருக்காது. கூட்டம் எந்தத் தெருவில், எத்தனை மணிக்கு நடந்தது என்ற விவரமும் எதிர்த்தரப்பின் குரலும் இருக்காது. எழுத்துரு மற்றச் செய்திகளிலிருந்து சற்று விலகியிருக்கும். பத்திரிகைகளின் நடத்தையைக் கண்காணிக்கும் இந்தியப் பத்திரிகை கவுன்சிலுக்காக பத்திரிகையாளர்கள் பரஞ்சோய் குஹா தாகுர்தாவும் கே. ஸ்ரீநிவாஸ் ரெட்டியும் 2010இல் தயாரித்த அறிக்கை, ஒரே பக்கத்தில் எதிரெதிர் வேட்பாளர்கள் இருவருமே வெல்வார்கள் என்று வந்த செய்திகளைக்கூடச் சுட்டுகிறது. அதை எந்த நிருபரும் எழுதியிருக்க முடியாது.

வேட்பாளருக்கு இதில் இரட்டை லாபம். விளம்பரத்தைத் தாண்டிப்போகும் கண், செய்தி என்றால் நம்பி நிற்கிறது. அதைவிட முக்கியம், செலவுக் கணக்கு. தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளரின் செலவு வரம்பு 2022 முதல் 40 லட்சம் ரூபாய். 24 செ.மீ. அகலமும் 25 செ.மீ. உயரமும் உள்ள இடம் 600 சதுர செ.மீ. சதுர செ.மீ.க்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒருநாளைக்கு 3 லட்சம். பத்து நாளில் வரம்பின் முக்கால் பங்கு போய்விடும். செய்தியாக வந்தால் கணக்கில் ஒன்றுமில்லை. இதை நான் தேர்தல் மோசடி என்றே சொல்வேன். ஆனால் நம் சட்டத்தில் இது தனிக் குற்றமாக இல்லை. குற்றமாக்க வேண்டும் என்று சட்ட ஆணையம் 2015இல் பரிந்துரைத்தும் நடக்கவில்லை.

பயன் உண்டா என்றால், உண்டு, அரிதாக. உத்தரப் பிரதேசம் பிசௌலி தொகுதியில் 2007இல் வென்ற உம்லேஷ் யாதவை 2011இல் தேர்தல் ஆணையம் மூன்றாண்டுகளுக்குத் தகுதி நீக்கம் செய்தது. செய்தி வடிவில் வந்த விளம்பரத்தின் செலவை அவர் கணக்கில் காட்டவில்லை. மகாராஷ்டிரத்தில் 2009இல் அப்போதைய முதல்வர் அசோக் சவாணைப் புகழ்ந்து சொல் மாறாத கட்டுரைகள் வெவ்வேறு மராத்தி நாளிதழ்களில் வந்தன. நாளிதழ் விளம்பரத்துக்கு அவர் காட்டிய செலவு 5,379 ரூபாய். ஆணையம் 2014இல் அவருக்கு அனுப்பிய நோட்டீஸை தில்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. புகார் நிற்க வேண்டுமானால், அது வேட்பாளரோ அவருடைய முகவரோ செய்த, அல்லது அனுமதித்த செலவு என்று நிறுவ வேண்டும். பெரும்பாலான புகார்கள் விழுவது இங்கேதான். ரொக்கத்துக்கு ரசீது கிடையாது.

தேர்தல் நடக்கும்போது என்றால் மாவட்ட ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழுவிடம் புகாரை உடனே கொடுங்கள். வெளியான அல்லது புகார் வந்த 96 மணி நேரத்துக்குள் தேர்தல் நடத்தும் அலுவலர் வேட்பாளருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். 48 மணி நேரத்தில் பதில் வராவிட்டால் குழுவின் முடிவே இறுதி; செலவு கணக்கில் ஏறும். கத்தரித்த துண்டு போதாது. தேதியும் பதிப்பின் பெயரும் தெரியும்படி இரு நாளிதழ்களின் முழுப்பக்கமும் வேண்டும். இ-பேப்பரை மட்டும் நம்பாதீர்கள், பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும்.

தேர்தல் முடிந்துவிட்டாலும் வழி இருக்கிறது. முடிவு வந்த 30 நாளுக்குள் வேட்பாளர் கணக்கை மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் தாக்கல் செய்தாக வேண்டும். ஒரு ரூபாய் கட்டணம் செலுத்தி யாரும் அதைப் பார்வையிடலாம். அந்த நாளிதழ்களின் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பத்திரிகை கவுன்சிலுக்கு எழுதுவதானால், நாளிதழ் விஷயத்தில் வெளியான இரண்டு மாதத்துக்குள் எழுத வேண்டும். கண்டிப்பதற்கு மேல் கவுன்சிலுக்கு அதிகாரம் இல்லை, ஆனால் அந்தக் கண்டனம் பதிவாகும். கவுன்சிலுக்கு எழுதுமுன் அந்த நாளிதழின் ஆசிரியருக்கு எழுதிக் கேட்டிருக்க வேண்டும். அந்தக் கடிதத்தின் நகலையும் பதிவுத் தபால் ரசீதையும் மனுவோடு இணையுங்கள்.