பிரசவ விடுப்பில் வீட்டில் இருக்கும்போது வரும் சாப்பாட்டு ஆசைகளை எப்படிச் சமாளிப்பது?

பிரசவ விடுப்பில் வீட்டோடு இருக்கிறேன், நாள் முழுக்க ஏதாவது சாப்பிடத் தோன்றுகிறது, வீட்டுச் சமையலிலேயே இதைச் சமாளிக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் விடுப்பெடுத்து வீட்டில் இருந்தவள் நான். ஆசையோடு மல்லுக்கட்டாதீர்கள், அடுப்படியில் நிற்கும் நேரத்தைக் குறைக்கப் பாருங்கள் என்பதுதான் என் பதில். நினைத்த ஐந்து, பத்து நிமிடத்தில் வாய்க்கு ருசியாக ஒன்று தட்டில் வந்துவிட்டால் பிஸ்கட் டப்பாவைத் தேடிக் கை போகாது.

இந்தப் பசி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டாலே மனது பாதி லேசாகிவிடும். பிரசவத்துக்கு முந்தைய வாரங்களில் குழந்தை வளர்ந்து இரைப்பையை மேலே தள்ளியிருக்கும். நான்கு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடும், கொஞ்ச நேரத்தில் மறுபடி பசிக்கும். போதாததற்கு, உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் இருக்கும் தசை ஹார்மோனால் தளர்ந்திருப்பதால், வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுத்தால் நெஞ்செரிச்சல் வரும். அதனால் மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாறாகப் பிரித்துச் சாப்பிடுவதில் தப்பே இல்லை. பிரசவத்துக்குப் பிறகு கதை வேறு. தாய்ப்பால் கொடுப்பவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 330 முதல் 500 கலோரி வரை கூடுதலாகத் தேவைப்படுகிறது. கிட்டத்தட்ட இன்னொரு வேளைச் சாப்பாடு அது. அதோடு தூக்கம் கெட்டுக்கெட்டு, இனிப்பையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் உடம்பு கேட்டுக்கொண்டே இருக்கும். நாக்கை அடக்கத் தெரியவில்லை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சரி, சமையலுக்கு வருவோம். ஆசை வரும்போது நாக்கு கேட்பது பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட பண்டத்தை அல்ல. புளிப்பு, காரம், மொறுமொறுப்பு, குளிர்ச்சி, இனிப்பு என்று ஏதோ ஒன்றைத்தான் கேட்கிறது. அது எது என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டால், வீட்டில் இருப்பதை வைத்தே ஒப்பேற்றிவிடலாம். எனக்கு எப்போதும் மொறுமொறுப்பும் புளிப்பும்தான். அதற்கு நான் வழக்கமாகச் செய்தது உருளைக்கிழங்கு. தோலோடு வேகவைத்து, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். வேண்டும்போது ஒன்றை எடுத்து, கத்தியால் நறுக்காமல் கையாலேயே உடைக்க வேண்டும். உடைத்த ஓரம் கரடுமுரடாக இருக்கும், அந்த ஓரங்கள்தான் நன்றாக முறுகும். கல்லை நன்றாகக் காயவிட்டு, ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றி, துண்டுகளைப் பரப்பிவிட்டு நான்கு நிமிடம் தொடாமல் விடுங்கள். கிளறிக்கொண்டே இருந்தால் உடைந்து குழைந்துவிடும், முறுகாது. அடிப்பக்கம் பொன்னிறமாகி, கரண்டியால் தட்டினால் ‘டக்’கென்று சத்தம் வரும்போது திருப்பிப் போட்டு, உப்பு, மிளகாய்த்தூள் தூவி, இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். கடையில் வாங்கும் சிப்ஸுக்கு இருக்கும் ஏக்கம் இதில் தீர்ந்துவிடும், வயிறும் நிறையும்.

இதே மாதிரி அவித்த முட்டை, வேகவைத்த பயறு, வறுத்த கடலை, கெட்டித் தயிர் இவையெல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் போதும். இனிப்பு கேட்டால் தயிரில் வாழைப்பழத்தை நறுக்கிப் போட்டு, மேலே நாலு கடலையைத் தூவிச் சாப்பிடுங்கள். வெறும் இனிப்பை மட்டும் சாப்பிட்டால் சீக்கிரமே மறுபடி பசிக்கும். கர்ப்பகாலச் சர்க்கரை இருப்பவர்கள் மட்டும் எது, எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

குழந்தை வந்த பிறகு ஒரு கை எப்போதும் அதனிடம்தான் இருக்கும். பிசைந்து சாப்பிடுவதெல்லாம் நடக்காது, ஒரு கையால் எடுத்துக் கடிக்கிற மாதிரி இருக்க வேண்டும். பால் கொடுக்க உட்கார்ந்ததுமே தொண்டை வறண்டுபோகும், பக்கத்திலேயே தண்ணீர் பாட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள். சூடான டீ, சூப் எதையும் குழந்தை மடியில் இருக்கும்போது கையில் எடுக்காதீர்கள். ஒரு சொட்டு சிந்தினால்கூட அந்தத் தோல் தாங்காது.

கர்ப்பமாக இருக்கும்போதே, உடம்பு ஒத்துழைக்கிற நாளில் குழம்பு, பருப்பு எதுவானாலும் இரண்டு மடங்கு செய்து பாதியைச் சின்னச் சின்ன டப்பாக்களில் ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். மைனஸ் 18 டிகிரியில் இருந்தால் கெடாது. சோற்றில் மட்டும் கவனம் வேண்டும். அரிசியில் இருக்கும் ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் (ஸ்போர்கள்) வேகவைத்தாலும் சாவதில்லை. சோறு வெளியில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும், திரும்பச் சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. எனவே ஆக்கிய ஒரு மணி நேரத்துக்குள் பரப்பி ஆறவைத்து ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். எதைச் சூடு பண்ணினாலும் நடுப்பகுதி வரை ஆவி பறக்கச் சூடு பண்ணுங்கள், அதுவும் ஒரே ஒரு முறை. கர்ப்பிணிகள் காய்ச்சாத பாலையும் பச்சையாக முளைகட்டிய பயறையும் தவிர்ப்பது நல்லது. காபி ஆசை இருந்தால் காஃபீன் ஒரு நாளைக்கு 200 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இன்ஸ்டன்ட் காபி என்றால் ஏறக்குறைய இரண்டு கப்.

சமையலால் தீர்க்கக் கூடாத ஆசை ஒன்றும் உண்டு, அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. ஐஸ்கட்டியைக் கடித்துக்கொண்டே இருக்கத் தோன்றுகிறதா? பச்சரிசி, சாக்பீஸ், மண், சாம்பல் மீது ஆசை வருகிறதா? மசக்கையில் இதெல்லாம் சகஜம் என்று விட்டுவிடாதீர்கள். இரும்புச்சத்துக் குறைவோடு இது சேர்ந்தே வருவதுண்டு, பிரசவத்தில் ரத்தம் போன பிறகும் வரலாம். வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லி ஹீமோகுளோபினையும் இரும்புச்சத்தையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மாத்திரை கொடுத்தால் ஒழுங்காகச் சாப்பிடுங்கள். வீட்டில் நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. கீரை, பருப்பு மீது எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டால் அதிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் சேர்வது குறையும், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

அப்புறம், சமைப்பது யார் என்ற கேள்வி. வீட்டில் சும்மாதானே இருக்கிறாய் என்று மூன்று வேளைச் சமையலும் விடுப்பில் இருப்பவள் தலையில் விழுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2000-ஆம் ஆண்டில் ஏற்ற 183-ஆம் உடன்படிக்கை குறைந்தது 14 வார விடுப்பு தரவேண்டும் என்கிறது. அதில் பிரசவத்துக்குப் பிந்தைய 6 வாரம் கட்டாய விடுப்பாக வைக்கப்பட்டிருப்பது தாய், சேய் இருவரின் உடல்நலத்துக்காகத்தான், வீட்டாருக்குச் சமைத்துப் போடுவதற்காக இல்லை. கணவரோ, அம்மாவோ, மாமியாரோ, கூட இருப்பவரிடம் “ஏதாவது செய்து தாங்க” என்று சொன்னால் அவர்களுக்கும் புரியாது. “நாலு உருளைக்கிழங்கு வேகவையுங்கள், ஆறு முட்டை அவியுங்கள், கடலையை வறுத்து டப்பாவில் போடுங்கள்” என்று வேலையைப் பிரித்துச் சொல்லுங்கள். சமைக்கத் தெரியாதவரும் செய்துவிடுவார்.

இன்னும் ஒன்று. நீங்கள் ஆசை அதிகம் என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு நேர்மாறாக, பிரசவத்துக்குப் பிறகு எதைக் கண்டாலும் சாப்பிடப் பிடிக்காமல், பிடித்தமான பண்டம்கூட வேண்டாம் என்றாகி, அழுகையும் சோர்வுமாக இரண்டு வாரத்துக்கு மேல் போனால், அதைச் சமையல் பிரச்சினையாகப் பார்க்காமல் உடனே மருத்துவரிடம் பேசுங்கள். அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை இருக்கிறது.